கடிக்காதே என்று அடிக்காதே!

ஆண்டு மலருக்குக் கட்டுரை தருமாறு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். தோழியர் சிலர் பெண் விடுதலை பற்றி எழுதப் போவதாகச் சொன்னார்கள். தோழர் சிலர் வேலையில்லாத் திண்டாட்டம் பற்றி. நான் நாய்க்குட்டியின் பல்லைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களில் இருவர் மதிய இடைவேளையில் தனித்தனியே வந்து, தங்கள் வீட்டுக் குட்டியும் கடிக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். ஆகவே சிரிப்பை ஒருபுறம் வைத்துவிட்டுத் தொடங்குகிறேன்.

எங்கள் ஊர் பெரம்பலூர் மாவட்டத்தில், மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மானாவாரிக் காடுகளுக்கு நடுவே இருக்கிறது. அப்பா வெள்ளாடு மேய்ப்பவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஆனால் ஆட்டின் நடையைப் பார்த்தே அதன் வயிற்றுக் கோளாற்றைச் சொல்லிவிடுவார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. படித்தவள் சொல்லை வீடு எந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளும் என்பது இந்தக் கதையில் வருவதால் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு ஐப்பசியில் நாய்க்கூட்டம் ஒன்று இரவில் எங்கள் பட்டிக்குள் புகுந்து இரண்டு ஆட்டுக்குட்டிகளைக் கடித்துப் போட்டுவிட்டது. "நமக்குன்னு ஒரு நாய் வேணும்" என்றார் அப்பா. மார்கழியில் பக்கத்து ஊரிலிருந்து நகத்தை எண்ணிப் பார்த்து ஓர் ஆண் குட்டியைத் துண்டில் சுருட்டிக்கொண்டு வந்தார். செம்பழுப்பு நிறம். ஆகவே செவலை என்று பெயர். அதற்கு முப்பது நாள்கூட நிறையவில்லை. "இப்பவே எடுத்தாத்தான் நம்மகூட ஒட்டும்" என்பது அப்பாவின் கணக்கு. எங்கள் ஊரின் கணக்கும் அதுதான்.

வந்த முதல் வாரம் அது அழுதது. இரண்டாம் வாரம் தின்றது. மூன்றாம் வாரம் கடிக்கத் தொடங்கியது.

கருவேல முள்ளைப் போன்ற பற்கள்! நாம் முதலாண்டிலேயே மனப்பாடம் செய்த பல் சூத்திரம் நினைவிருக்கிறதா? வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். குட்டிக்குப் பால்பற்கள் 28. மூன்றாம் வாரம் முதல் ஆறாம் வாரத்துக்குள் முளைக்கும் இவை, ஊசிபோல் மெல்லியவை. தாடையில் வலு இல்லாத வயதில் கூர்மையை மட்டும் இயற்கை கொடுத்திருக்கிறது. தேர்வில் இதை எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். அந்தக் கூர்மை எதற்கு என்று அன்று நான் யோசிக்கவும் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

முதலில் வீடே மகிழ்ந்தது. "பாத்தியா, என்னா வீரம்!" என்றார் அப்பாயி. தம்பி தன் விரல்களை அதன் மூக்குக்கு முன்னால் ஆட்டி ஆட்டிக் கவ்வ விட்டு விளையாடினான். கவ்வினால் கைதட்டல். இரண்டு நாள் கழித்து அதே விரலை அழுத்திக் கவ்வியபோது மண்டையில் ஒரு குட்டு. காலையில் கைதட்டல், மாலையில் குட்டு! இந்தப் பாடத்திட்டத்தில் எந்த மாணவன் தேறுவான்?

பொங்கலுக்கு அக்கா வந்திருந்தாள், தன் மூன்று வயது மகளோடு. குழந்தை முற்றத்தில் ஓடியது, செவலை துரத்தியது. குழந்தை கத்தியது; செவலைக்கு உற்சாகம் கூடியது. முழங்கைக்குக் கீழே கவ்விவிட்டது. இரண்டு புள்ளிகளில் இரத்தம்.

அப்பாயி சுண்ணாம்பை எடுக்க ஓடினார். நான் குழந்தையைக் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஓடும் நீரில், சோப்புப் போட்டு, கால் மணி நேரம் கழுவினேன். எனக்கும் கை நடுங்கியது. "குட்டி கடிச்சதுக்கெல்லாமா ஊசி?" என்று வாசலில் கூடியவர்கள் கேட்டார்கள். நண்பர்களே, இந்த ஒரு கேள்விக்காகவாவது இக்கட்டுரையை வாசியுங்கள். வெறிநோய் குட்டிக்கும் வரும். தடுப்பூசி போடாத குட்டியின் பல் தோலைக் கிழித்தால், அது விளையாட்டுக் கடியா கோபக் கடியா என்று நோய்க்கிருமி பார்ப்பதில்லை. நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் அநேகமாக யாரையும் காப்பாற்ற முடியாது. அதற்கு முன் ஊசி போட்டுக்கொண்டால் அநேகமாக எல்லோரையும் காப்பாற்றலாம். 1885-இல் பாரிசில் லூயி பாஸ்டர், ஜோசப் மெய்ஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்குப் போடச் செய்த ஊசியின் வழிவந்ததுதான் இது. நம் குன்னூரிலேயே 1907 முதல் பாஸ்டர் நிலையம் இருக்கிறது. அப்படியிருந்தும் வாசலில் நின்றவர்கள் சுண்ணாம்பைத்தான் நம்பினார்கள்.

அரசு மருத்துவமனையில் காயத்தைச் சுற்றியும் ஓர் ஊசி போட்டார்கள். பின்னர் அன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று நான்கு முறை வரச் சொன்னார்கள். குட்டியைப் பத்து நாள் கவனித்து வரும்படியும் மருத்துவர் சொன்னார். ஊசிக்குக் காசில்லை. ஆனால் நான்கு முறை பேருந்துச் செலவு, மாமாவுக்கு நான்கு நாள் கூலி இழப்பு. இருபத்தெட்டாம் நாள் ஊசிக்கு அக்கா தன் ஊரிலிருந்து வந்து இறங்கியபோது எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. நேரே மருத்துவமனைக்குப் போய்விட்டாள். அவள் கோபத்தில் நியாயம் இருந்தது.

முதல் ஊசி போட்டுத் திரும்பிய அன்றிரவே செவலையின் வாயைச் சணல் கயிற்றால் கட்டினார் அப்பா. மறுநாள் கவ்வ வந்தபோது விளக்குமாற்றுக் கட்டையால் மூக்கில் ஒரு தட்டு. "அடியாத மாடு பணியாது" என்றார். நான் தடுக்கவில்லை. தடுக்கிற தைரியமும் இல்லை; அது தவறு என்ற தெளிவும் அப்போது இல்லை. இன்னும் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கல்லூரிக்கு உடுத்தி வரும் இரண்டு சுடிதாரில் ஒன்றின் ஓரத்தை அது கிழித்தபோது, ஆய்வகக் குறிப்பேட்டால் ஓங்கி அடித்தவள் நானேதான். அது ஆட்டுரலுக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டது. விளக்கு வைக்கும்வரை வெளியே வரவில்லை.

நான்கைந்து நாளில் பலன் தெரிந்தது. கையை ஓங்கினால் நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்தது. சோறு வைக்கப் போன அம்மாவின் கையைப் பார்த்து முதன்முறையாக உறுமியது. கடிப்பது குறைந்ததா என்றால், இல்லை. முன்பு விளையாட்டுக்குக் கடித்தது. இப்போது பயந்து கடித்தது. இரண்டாவதுதான் ஆபத்தானது என்பதற்கு எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. அந்த உறுமலே போதும். உறுமினாலும் அடி விழுந்தது. உறுமினால் அடி என்று கற்றுக்கொண்ட நாய், நாளை உறுமாமலே கடிக்காதா?

"வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போறப்ப அங்கயே விட்டுட்டு வந்துடுறேன்" என்றார் அப்பா. சந்தையில் விடப்படும் குட்டி என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். லாரிக்கு அடியில் போகும். அல்லது பிழைத்து, ஏதோ ஓர் ஊரின் பட்டிக்குள் இரவில் புகும் கூட்டத்தில் சேரும். எங்கள் ஆட்டுக்குட்டிகளைக் கடித்த நாய்களும் யாரோ ஒருவர் எங்கோ விட்டுவிட்டு வந்த குட்டிகளாக இருந்திருக்கலாம். "பதினஞ்சு நாள் குடுங்கப்பா" என்று கேட்டேன். "நீ காலேசுல நாய்க்கா படிக்கிற?" என்றார். விலங்கியல் என்றால் பின்னே என்னவாம்! ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

அப்பா ஒரு கேள்வி கேட்டார். அது என்னை மடக்கிவிட்டது. "தாய் நாயே குட்டியக் கவ்வித்தான திருத்துது? நான் தட்டுனா மட்டும் தப்பா?" வகுப்பில் தார்ண்டைக்கின் விளைவு விதியைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அப்பாவின் கேள்விக்கு அதில் பதில் இல்லை.

பதில் நம் கல்லூரியிலேயே கிடைத்தது. சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால், உடைந்த பெஞ்சுகள் அடுக்கியிருக்கும் இடத்தில் ஒரு வெள்ளை நாய் ஐந்து குட்டிகளோடு கிடந்தது நினைவிருக்கும். மதிய இடைவேளைகளில் அங்கே போய் உட்கார்ந்தேன். (காவலாளி அண்ணன் முதலில் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தார்.) ஆறு வாரக் குட்டிகள் ஒன்றையொன்று காதில், காலில், வாலில் கவ்விக்கொண்டே இருந்தன. ஒன்று அழுத்திக் கடித்தால் கடிபட்டது 'கீச்' என்று கத்தியது. கடித்தது வாயைத் திறந்துவிட்டுத் திகைத்து நின்றது. சில நேரம் கடிபட்ட குட்டி விளையாட்டையே விட்டு விலகிப் போய்ப் படுத்துக்கொண்டது. கடித்த குட்டிக்கு விளையாட ஆளில்லை. கொஞ்ச நேரத்தில் தயங்கித் தயங்கிப் போய், இம்முறை மெல்லக் கவ்வியது. அந்தக் கூரிய பற்கள் எதற்கு என்று அப்போது புரிந்தது. தாடை வலுப்பதற்குள் உடன்பிறப்புக்கு வலிக்க வேண்டும். வலித்துக் கத்த வேண்டும். கத்தலிலிருந்து கவ்வலின் அளவு பிடிபட வேண்டும்.

தாயையும் பார்த்தேன். அப்பா சொன்னது பொய்யல்ல. முலையைக் கடித்த குட்டியின் முகத்தை அது வாயால் அமுக்கியதை இரண்டு முறை கண்டேன். ஆனால் பெரும்பாலும் அது செய்தது வேறு: எழுந்து போய்விட்டது, அவ்வளவுதான். பால் நின்றுவிட்டது. அமுக்கிய இரண்டு முறையும் கடித்த அதே நொடியில் அமுக்கியது. குட்டி அடங்கியதும் விட்டது. சற்று நேரத்தில் நக்கிக் கொடுத்தது. தோலில் ஒரு கீறல் இல்லை. நம் கை அப்படியா? கோபம் வந்த பிறகு ஓங்கும். கோபத்தின் அளவுக்கு விழும்.

துறையில் பேராசிரியரிடம் இதைச் சொன்னபோது, ஸ்காட், புல்லர் என்னும் இருவர் அமெரிக்காவில் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வைத்து ஆராய்ந்து 1965-இல் வெளியிட்ட நூலைப் பற்றிச் சொன்னார்கள். மூன்றாம் வாரத்திலிருந்து சுமார் பன்னிரண்டாம் வாரம் வரை குட்டி பிற உயிர்களோடு பழகக் கற்கும் பருவம் என்பது அதில் ஒரு முக்கிய முடிவு. 2017-இல் நடுவண் அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளும் எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. எங்கள் ஊரில் குட்டி விற்கப்படுவதில்லை. துண்டில் சுருட்டிக்கொண்டு வரப்படுகிறது. விதி அங்கே எப்படி எட்டும்?

என் கருத்தின் மையம் இதுதான். செவலை கடித்தது அதன் குணத்தால் அன்று. அது பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய வயதில் நாம் அதைப் பள்ளிக்கூடத்திலிருந்து தூக்கி வந்துவிட்டோம். பிறகு படிக்கவில்லை என்று அடித்தோம். மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட ஒருவரிடம் போய், உனக்கு ஏன் எழுத்துக் கூட்ட வரவில்லை என்று பிரம்பை ஓங்குவது போன்றது இது. இந்த உவமையை அப்பாவிடம் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

ஆகவே நாங்கள்தான் அதற்கு உடன்பிறப்பாகவும் தாயாகவும் இருந்தாக வேண்டும். பல் தோலில் பட்ட நொடியில் "ஆ!" என்று ஒரு சத்தம், கையை உருவாமல் அப்படியே விறைத்து நிற்பது. உருவினால் அதற்கு இரையைத் துரத்துகிற இன்பம் வந்துவிடும். வாயை விட்டதும் எழுந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கதவுக்கு அந்தப் பக்கம் போய்விடுவது. அரை நிமிடம் போதும். திரும்பி வந்து, பழைய கைலித் துணியை முடிச்சுப் போட்டு நனைத்த ஒன்றை நீட்டுவது. அதைக் கடித்தால் கொண்டாட்டம். ஈறு தினவெடுக்கும் வயதில் எதையாவது கடித்துத்தான் தீர வேண்டும். "கடிக்காதே" என்றால் மட்டும் போதுமா? எதைக் கடிக்கலாம் என்றும் சொல்ல வேண்டாமா? "ஆ" என்றதும் சில குட்டிகளுக்கு ஆவேசம் கூடுவதும் உண்டு. தம்பியின் கீச்சுக் குரலுக்குச் செவலை அப்படித்தான் ஆடியது. அவனைச் சத்தமில்லாமல் எழுந்துபோகச் சொன்னேன்.

சொல்வதற்கு எளிது. வீட்டில் ஆறு பேரையும் ஒரே மாதிரி நடக்க வைப்பதுதான் கடினம். குட்டியைப் பழக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. தம்பியைப் பழக்க இன்னும் முடியவில்லை. அப்பாயி "ஆ" என்பதற்குப் பதில் "அட நாசமாப் போறவனே" என்று தொடங்குவார். அது முடிவதற்குள் செவலை இரண்டு முறை கடித்து முடித்திருக்கும். இன்னொன்று, மாலையில் அது வெறிபிடித்ததுபோல் எல்லோரையும் கவ்வும். விளையாட்டு போதவில்லை என்று நினைத்து மேலும் விளையாடினோம். உண்மையில் அதற்குத் தூக்கம் போதவில்லை. நாளில் பெரும்பகுதி தூங்க வேண்டிய வயது அது. பகலெல்லாம் தெருப் பிள்ளைகள் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். மதியம் ஆட்டுக் கொட்டகையின் மூலையில் படுக்க விட்டதும் மாலைக் கடி பாதியாகக் குறைந்தது.

ஒன்பதாம் நாள் எல்லாம் தலைகீழானது. முன்னைவிட அதிகமாகக் கடித்தது. இதுவரை கிடைத்த கவனம் கிடைக்காமல் போனால், விடுவதற்கு முன் ஒருமுறை முழுமூச்சாக முயன்று பார்ப்பது விலங்கின் இயல்பு என்று பாடத்தில் படித்திருக்கிறேன். படித்ததை அன்று நம்புவது கடினமாக இருந்தது. அப்பா வெள்ளிக்கிழமையை எண்ணிக்கொண்டிருந்தார். நான் கைகளைத் துப்பட்டாவில் மறைத்துக்கொண்டு வகுப்புக்கு வந்தேன். எனக்கும் ஊசி போட்டார்கள் என்பதை இங்கே சேர்க்காமல் விட்டால் அது நேர்மையாகாது.

பதினைந்தாம் நாள் செவலை திருந்திவிடவில்லை. ஆனால் பல் பட்டாலும் அழுத்தம் குறைந்திருந்தது. அப்பா தன் கையைக் கொடுத்துச் சோதித்தார். ஒன்றும் சொல்லாமல் பட்டிக்குப் போனார். வெள்ளிக்கிழமை சந்தைக்குத் தனியாகப் போனார். மூன்று மாதம் நிறைந்ததும் கால்நடை மருந்தகத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டோம். ஐந்தாம் மாதம் பால்பற்கள் விழுந்து முளைத்தன. அதற்குள் அதற்கு அளவு தெரிந்துவிட்டது.

"கடிக்காத நாய எதுக்கு வளக்கணும்?" என்று அப்பா கேட்டதற்கும் விடை இருக்கிறது. இன்று செவலைக்கு ஒரு வயது தாண்டிவிட்டது. வேலிக்கு அப்பால் சருகு அசைந்தால் ஊரே எழும்படி குரைக்கிறது. இவ்வாண்டு பட்டியில் ஓர் ஆட்டுக்குட்டிகூடப் போகவில்லை. சென்ற மாதம் அதற்குப் பூச்சி மாத்திரை கொடுக்க, அப்பா அதன் தொண்டை வரை விரல்களை விட்டார். 42 பற்களுக்கு நடுவே போன விரல்கள் ஐந்தும் அப்படியே வெளியே வந்தன. அப்பா அந்த விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

2025 ஆகஸ்டில் தெருநாய்கள் குறித்து உச்ச நீதிமன்றம் ஆணை பிறப்பித்து, பின் அதே மாதம் அதை மாற்றியபோது, நம் வகுப்பிலும் இரண்டு கட்சிகள் முளைத்தன. எல்லா நாய்களையும் பிடி என்று ஒரு கட்சி; எதையும் தொடாதே என்று மறு கட்சி. தெருவுக்கு வரும் நாய்களில் ஒரு பகுதி, வீட்டிலிருந்து வீசப்பட்ட குட்டிகள். வீசப்பட்ட காரணங்களில் ஒன்று இந்தக் கடி. இதைப் பற்றி இரு கட்சியிலும் யாரும் பேசவில்லை என்பது என் வருத்தம்.

சைக்கிள் கொட்டகை நாய் மீண்டும் ஈன்றிருக்கிறது. (அதற்குக் கருத்தடை செய்திருக்க வேண்டும்; அதைப் பற்றி நம் நாட்டு நலப்பணித் திட்டத் தோழர்கள் யோசிக்கலாம்.) நான்கு குட்டிகள். இப்போதே மூன்று பேர் கேட்டுவிட்டார்களாம். இரண்டு மாதம் ஆகட்டும் என்று காவலாளி அண்ணன் திருப்பி அனுப்புகிறார். நான்காவதை எங்கள் சித்தப்பாவின் பட்டிக்குக் கேட்டேன். நேற்றிரவு அப்பா சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "அந்தக் குட்டிக்கு எத்தினி நாள் ஆச்சு?"

"முப்பத்திரண்டு."

"தாயிகூடவே கெடக்கட்டும்" என்றார். செவலைக்கு ஒரு வாய் சோற்றை உருட்டி, கையிலேயே வைத்து நீட்டினார்.